‘இது எதற்கு?’ என்று மட்டும் கேட்டார்

வாசகர் கடிதம் (சுருக்கம்):

“பல்கலைக்கழகத்தில் ஸ்டுடியோ ஆர்ட் இளங்கலை, இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளிக் காலத்திலிருந்தே பென்சிலில் முகங்கள் வரைவேன். ‘போட்டோவா, வரைந்ததா?’ என்று கேட்பார்கள். அதை நம்பித்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். இங்கே யாரும் வரையச் சொல்லித் தருவதில்லை. ஒரு தலைப்பு கொடுக்கிறார்கள், செய்துவந்து சுவரில் மாட்டச் சொல்கிறார்கள், சுற்றி நின்று பேசுகிறார்கள். போன மாதம் ஒரு போட்டோவைப் பார்த்து மூன்று வாரம் வரைந்த என் பாட்டியின் முகத்தை மாட்டினேன். ஆசிரியர் ‘இது எதற்கு?’ என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் ஒரு தோழி கிழித்த அட்டைகளை ஒட்டி வைத்திருந்தாள். அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். இந்த ஆண்டு முடிவதற்குள் மேஜரை (முதன்மைப் பாடத்தை) மாற்றிக்கொள்ளலாம். கிராஃபிக் டிசைனுக்குப் போய்விடலாமா? ‘வரையவே சொல்லித் தராத இடத்தில் ஓவியத்துக்குப் பட்டமா?’ என்று அப்பா கேட்கிறார்.

பின்குறிப்பு: இப்போது இரவில் விடுதி அறையில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து பழகுகிறேன். தலை வலிக்கிறது. பழகிவிடுமா?”

அன்புள்ள மாணவிக்கு,

அப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறது. பல பல்கலைக்கழக ஓவியத் துறைகளில் கைத்திறனைப் படிப்படியாகக் கற்றுத் தருவது குறைந்துதான் போய்விட்டது. இந்த வகுப்புகளைப் பல ஆண்டுகளாக எடுக்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். முதல் ஆண்டில் அடிப்படை வரைதல், அதற்கடுத்து உருவம் வரைதல் என்று ஒன்றிரண்டு தாள்கள் இருக்கும். அதன் பிறகு உங்கள் கையைப் பிடித்து யாரும் திருத்த மாட்டார்கள். முன்பே இதைச் சொல்லியிருந்தால் உங்களுக்கு இவ்வளவு ஏமாற்றம் இருந்திருக்காது. துறையின் அறிமுகப் பக்கங்களில் இதை யாரும் எழுதி வைப்பதில்லை.

இது எப்படி வந்தது என்று தெரிந்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். ஐரோப்பிய அகாடமிகளில் ஒரு வரிசை இருந்தது. முதலில் அச்சுப் படங்களைப் பார்த்து வரைய வேண்டும், அடுத்து பிளாஸ்டர் சிலைகளை, கடைசியாகத்தான் உயிருள்ள மாடலை. அந்த வரிசையின் கோட்டையான பாரிஸ் எகோல் தே போசார் ஓவியப் பள்ளியில்கூட 1863-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரை பாடத்திட்டத்தில் இருந்தது வரைதல்தான். தூரிகை பிடிக்க மாணவர்கள் வெளியே தனியார் ஓவியக் கூடங்களுக்குப் போனார்கள். பள்ளியில் ஒரு பாதி, வெளியில் ஒரு பாதி என்பது அப்போதே இருந்த ஏற்பாடு.

ஓவியப் பள்ளிகள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது அதே காலகட்டத்தில். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் ஓவியப் பள்ளி 1869-லும், லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜுக்குள் ஸ்லேட் பள்ளி 1871-லும் தொடங்கின. 1919-இல் ஜெர்மனியின் வைமரில் பிறந்த பௌஹவுஸ் என்ற கலைப் பள்ளி அந்தப் பழைய வரிசையையே கலைத்துப் போட்டது. சிலையைப் பார்த்து வரைவதற்குப் பதிலாக, காகிதம், கம்பி, கண்ணாடி என்று பொருள்களைக் கையில் கொடுத்து ‘இதனால் என்ன முடியும் என்று கண்டுபிடி’ என்றார்கள். அங்கே கற்பித்த ஜோசஃப் ஆல்பர்ஸ் 1933-இல் அமெரிக்கா சென்று பிளாக் மவுண்டன் கல்லூரியிலும், 1950 முதல் யேலிலும் அதே வழியில் பாடம் எடுத்தார். பிரிட்டனில் கலைக் கல்வி பற்றி 1960-இல் வந்த கோல்ட்ஸ்ட்ரீம் அறிக்கை, ஓவிய மாணவர்கள் கலை வரலாறும் படித்து அதில் தேறியாக வேண்டும் என்றது. இப்படிப் பல திசைகளிலிருந்து வந்து சேர்ந்த பழக்கம்தான் இன்றைய ஸ்டுடியோ வகுப்பு. பல்கலைக்கழகம் எந்தத் துறையிலும் மாணவரிடம் எதிர்பார்ப்பது ஒரு கேள்வியும் அதற்கான தேடலும். வேதியியலிலும் அதுதான், வரலாற்றிலும் அதுதான். ஓவியம் அந்தக் கூரைக்குக் கீழ் வந்ததும் அதனிடமும் அதையே கேட்கத் தொடங்கினார்கள்.

ஆகவே உங்கள் ஆசிரியர் கேட்டது உங்களை அவமதிக்கும் கேள்வியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒற்றை வரியில் கேட்டுவிட்டு நகர்ந்தது சோம்பேறித்தனம் என்றே நினைக்கிறேன். மூன்று வார உழைப்பின் முன்னால் நின்று கேட்கிறவர் இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்துக் கேட்டிருக்கலாம். அவர் விட்டதை நான் கேட்டுப் பார்க்கிறேன்.

நீங்கள் பாட்டியின் முகத்தைப் போட்டோவிலிருந்து வரைந்திருக்கிறீர்கள். ஒரு போட்டோ உங்கள் கைக்கு வரும்போதே பல முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. எங்கே நின்று பார்ப்பது, எந்த வெளிச்சத்தில், முகத்தில் எது வெட்டுப்படும், எது உள்ளே வரும், எவ்வளவு ஆழம் தட்டையாகும் என்பதெல்லாம் ஷட்டர் அழுத்திய நொடியில் தீர்ந்துபோன விஷயங்கள். கைப்பேசியை முகத்துக்கு அருகில் பிடித்து எடுத்த படமென்றால் மூக்கு சற்றுப் பெரிதாகவும் காதுகள் பின்னுக்குப் போயும் இருக்கும். நேரில் கண்ணுக்குத் தெரிகிற நிழலுக்குள் இருக்கும் மெல்லிய வேறுபாடுகள் படத்தில் ஒரே கறுப்பாக அடைந்துபோயிருக்கும். அதையெல்லாம் நீங்கள் அப்படியே, மிகத் திறமையாக, காகிதத்துக்குக் கொண்டுவந்திருப்பீர்கள். உங்கள் பொறுமை அதில் தெரியும், பென்சிலின் மேல் உள்ள ஆளுமை தெரியும். நீங்கள் எடுத்த முடிவு எது என்று தேடினால் கிடைக்காது. ‘இது எதற்கு?’ என்ற கேள்வியை ‘இதில் உன் முடிவு எது?’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது மாறிவிடும்.

போட்டோவைப் பார்த்து வரைவதே குற்றம் என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். சில ஆசிரியர்கள் அப்படித்தான் பேசுவார்கள், அது தவறு. வீயா செல்மின்ஸ் என்ற ஓவியரைத் தேடிப் பாருங்கள். உங்களைப் போலவே பென்சில்காரர். 1960-களின் கடைசியில், தானே எடுத்த பசிபிக் கடல் புகைப்படங்களை வைத்து கிராஃபைட்டில் வரைந்தார். கரை கிடையாது, அடிவானம் கிடையாது, ஒரு படகுகூடக் கிடையாது. காகிதம் முழுக்க அலைகளின் மேற்பரப்பு மட்டும். பார்ப்பவரின் கண்ணுக்குப் பிடித்து நிற்க ஓர் இடம் வேண்டுமல்லவா, அதை அவர் கொடுக்கவில்லை. அதனால் நாம் கடலைப் பார்க்கிறோமா, காகிதத்தைப் பார்க்கிறோமா, பென்சில் தடங்களைப் பார்க்கிறோமா என்று தடுமாறுகிறோம். அவருடைய முடிவு அங்கே இருக்கிறது. அதே காலத்தில் சக் க்ளோஸ் என்ற அமெரிக்க ஓவியர் தன் முகத்தைப் போட்டோவிலிருந்து கறுப்பு வெள்ளையில் ஓராள் உயரத்துக்கும் மேலே பெரிதாக்கி வரைந்தார். கேமராவின் குவியத்துக்கு வெளியே போன காதையும் தோளையும் கூர்மையாக்காமல் மங்கலாகவே விட்டார். கேமரா எப்படிப் பார்க்கிறது என்பதே அந்தப் படத்தின் பொருள் ஆகிவிட்டது. இருவரும் போட்டோவை வைத்துத்தான் வேலை செய்தார்கள். இருவருடைய படத்திலும் போட்டோ எடுக்காத ஒரு முடிவு இருக்கிறது.

உங்கள் பாட்டியிடம் திரும்புவோம். முடிந்தால் அவரை எதிரில் உட்காரவைத்து நாற்பது நிமிடம் வரையுங்கள். அவர் அசைவார், பேசுவார், தூங்கிப்போவார். வரைந்தது மோசமாகத்தான் வரும், பரவாயில்லை. அதையும் மூன்று வாரப் படத்தையும் அருகருகே மாட்டிப் பாருங்கள். நேரில் வரைந்ததில் நீங்கள் எதை விட்டிருக்கிறீர்கள், எதை மிகைப்படுத்தியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒருவேளை கைகளையே நிறைய வரைந்திருப்பீர்கள், ஒருவேளை முகத்தை விட்டு அவர் சாய்ந்திருந்த நாற்காலிக்குப் போயிருப்பீர்கள். அவசரத்தில் கை எங்கே போகிறதோ அங்கே உங்கள் ஆர்வம் இருக்கிறது. அடுத்த படத்தை அங்கிருந்து தொடங்கலாம். பாட்டி தூரத்தில் இருந்தால் விடுதியில் யாராவது ஒருவர் நாற்பது நிமிடம் உட்காராமலா போய்விடுவார்?

அட்டைத் தோழியின் விஷயம் உங்களை எவ்வளவு உறுத்துகிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. அந்த முக்கால் மணி நேரத்தை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் முடிக்கப்படாத வேலையைப் பற்றிப் பேசுவது எளிது. ‘இதைப் பெரிதாக்கலாமா, தரையில் வைக்கலாமா, வண்ணம் வேண்டாமோ’ என்று ஆளுக்கொன்று சொல்லலாம். முழுக்க முடிந்த ஒரு படம் எதிரில் நிற்பவர்களின் வாயை அடைத்துவிடும். நிறையப் பேசப்பட்டதால் ஒன்று சிறந்ததாகிவிடாது என்பதை அந்த அறையில் இருக்கும் ஆசிரியர்களே சிலசமயம் மறந்துவிடுகிறார்கள்.

இதிலிருந்தே ஒரு வேலைத் தந்திரம் கிடைக்கிறது. கிரிட்டிக்குக்கு, அதாவது சுவரில் மாட்டிச் சுற்றி நின்று பேசும் அந்த அமர்வுக்கு, முடிந்த படத்தோடு போகாதீர்கள். முக்கால்வாசி நிலையில் கொண்டுபோங்கள், அல்லது ஒரே பொருளில் மூன்று படங்களை வேறுவேறு அளவில் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் தொங்கினால் ‘பிடித்திருக்கிறதா இல்லையா’ என்றுதான் பேச்சு ஓடும். மூன்று தொங்கினால் ‘இரண்டாவதில் என்ன நடக்கிறது?’ என்று பேச்சு நகரும்.

பேச்சு தொடங்கியதும் முதல் சில நிமிடம் விளக்கம் சொல்லாமல் இருங்கள். உங்களுக்கு அது கஷ்டம்தான். ஆனால் ‘இது என் பாட்டி, போன வருடம் உடம்பு சரியில்லாமல்...’ என்று தொடங்கிவிட்டால் அதன் பிறகு யாரும் படத்தைப் பார்க்க மாட்டார்கள், உங்களைத்தான் பார்ப்பார்கள். அவர்கள் கண் முதலில் எங்கே போனது என்பது உங்களுக்கு வேண்டிய தகவல். அதை அவர்கள் வாயாலேயே சொல்லவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவரைக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். உங்கள் படம் சுவரில் இருக்கும்போது உங்கள் காது சரியாக வேலை செய்யாது, எல்லோருக்கும் அப்படித்தான்.

அந்தக் குறிப்பை அன்றே படிக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். ‘கண் நேராகக் கழுத்துச் சங்கிலிக்குப் போகிறது’ என்பது பார்த்ததைச் சொல்வது. ‘எனக்கு இந்த மாதிரி யதார்த்தம் பிடிக்காது’ என்பது ரசனையைச் சொல்வது. ‘பின்னணியைச் சிவப்பாக்கு’ என்பது மருந்து எழுதிக் கொடுப்பது. முதல் வகையை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் மருந்தை விட்டுவிட்டு, என்ன நோயைப் பார்த்து அதை எழுதினார் என்று மட்டும் யோசியுங்கள். பின்னணி சிவப்பாக வேண்டியிருக்காது. அது இறந்துபோய்க் கிடந்திருக்கலாம், அவ்வளவுதான்.

உங்கள் வகுப்பில் பேச்சு கட்டுப்பாடில்லாமல் ஓடினால் ஆசிரியரிடம் ஒரு முறையைப் பரிந்துரைக்கலாம். லிஸ் லெர்மன் என்ற நடன இயக்குநர் 1990-இல் வகுத்தது, இப்போது பல கலைத் துறைகளில் புழங்குகிறது. அதில் நான்கு படிகள். பார்ப்பவர்கள் தங்களுக்கு எது அர்த்தமுள்ளதாக, மனதைத் தொட்டதாக இருந்தது என்று முதலில் சொல்வார்கள். அடுத்து படைத்தவர் அவர்களிடம் கேள்வி கேட்பார். பிறகு அவர்கள், தங்கள் கருத்தை உள்ளே நுழைக்காத நடுநிலையான கேள்விகளைக் கேட்பார்கள். கடைசியாக, படைத்தவர் சம்மதித்தால் மட்டும் கருத்து. ‘இது எதற்கு?’ என்ற கேள்வி அந்த மூன்றாம் படியில் வந்திருந்தால் உங்களுக்கு அழுகை வந்திருக்காது. (அழுததாக நீங்கள் எழுதவில்லை. நானாக ஊகித்துக்கொண்டேன்.)

இனி கைத்திறன். அதைத் துறை தராது என்றால் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான். ஆசிரியரின் அலுவல் நேரத்தில் போய் ‘எனக்கு வரையச் சொல்லித் தாருங்கள்’ என்று கேட்டால் அவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. ‘திரும்பி நிற்கும் உருவத்தில் தோள்பட்டை கழுத்தோடு சேரவே மாட்டேன் என்கிறது, பாருங்கள்’ என்று நாலு படங்களோடு போனால் பென்சிலை அவரே பிடுங்கிக்கொள்வார். பெரும்பாலான ஆசிரியர்களுக்கு நன்றாக வரையத் தெரியும். கேட்க ஆளில்லாமல் விட்டிருக்கிறார்கள்.

பழைய வரிசையையும் ஒதுக்க வேண்டாம். ஷார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியர் 1860-களில் தயாரிக்கத் தொடங்கிய வரைதல் பயிற்சித் தட்டுகள் (பார்த்து நகலெடுப்பதற்கான அச்சுப் படங்கள்) இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. இருபத்தேழு வயதில் ஓவியனாவது என்று முடிவெடுத்த வான் கோ 1880-இல் உட்கார்ந்து திரும்பத் திரும்ப நகலெடுத்தது அவற்றைத்தான். ஒரு தட்டை எடுத்து அதே அளவில் கரிக்கோலால் (சார்கோல்) வரையுங்கள். வெளிக்கோட்டை நேர்கோடுகளாக உடைத்துப் பிடித்து, பிறகு நிழலை இரண்டே பகுதியாகப் பிரித்து, கடைசியில்தான் இடைநிறங்கள். மென்மையான ஷேடிங்கில் மயங்கிக் கிடக்கும் கைகளுக்கு இது நல்ல மருந்து. உங்கள் கை அப்படிப்பட்டது என்று நினைக்கிறேன்.

வண்ணத்துக்கு ஆல்பர்ஸ் சொன்ன வழியைப் பாருங்கள். அவர் மாணவர்களை வண்ணம் குழைக்க விடாமல் வண்ணக் காகிதங்களை வெட்டி வைக்கச் சொன்னார். ஒரே நிறக் காகிதத்திலிருந்து இரண்டு சிறு சதுரங்களை வெட்டி, வேறுவேறு பின்னணிகளின் மேல் வைத்து, அவை இரண்டு வெவ்வேறு நிறங்களாகத் தெரியும்படி செய்ய வேண்டும். கேட்கச் சுலபம். சரியான பின்னணிகள் கிடைக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். பழைய பத்திரிகைகளிலிருந்து வெட்டியே செய்யலாம், செலவும் இல்லை.

துறையில் மாடலை வைத்து வரையும் திறந்த அமர்வு இருந்தால் வாரம் ஒருமுறை கட்டாயம் போங்கள். ஒரு நிமிட, இரண்டு நிமிடப் போஸ்களைத் தவறவிடாதீர்கள். மூன்று வாரம் ஒரே படத்தில் உட்காரத் தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் என்ன செய்வார் என்று பார்க்க எனக்கே ஆவலாக இருக்கிறது. நேரத்தைப் பற்றி ஒன்று: ஸ்டுடியோ தாள்களில் வகுப்பு நேரத்துக்கு ஈடாக வெளியேயும் வேலை இருக்கும் என்று வைத்துத்தான் பல இடங்களில் கிரெடிட் கணக்குப் போடுகிறார்கள். ஒரே செமஸ்டரில் மூன்று ஸ்டுடியோ தாள் எடுத்துவிட்டு இந்தப் பயிற்சிகளுக்கும் நேரம் தேடினால் தூக்கம்தான் போகும். இரண்டோடு நிறுத்திக்கொண்டு மூன்றாம் இடத்தில் கலை வரலாறு எடுங்கள்.

கிராஃபிக் டிசைன் பற்றிக் கேட்டீர்கள். கிரிட்டிக்கிலிருந்து தப்பிக்க அங்கே போகிறீர்கள் என்றால், அங்கேயும் அது உண்டு. சுவரில் மாட்டுவார்கள், சுற்றி நிற்பார்கள், ‘இது எதற்கு?’ என்று இன்னும் அடிக்கடி கேட்பார்கள். ஏனென்றால் அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவை இருந்தாக வேண்டும். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. டிசைனில் சிக்கலை இன்னொருவர் கொண்டுவருகிறார், நீங்கள் தீர்க்கிறீர்கள். ஸ்டுடியோவில் சிக்கலையும் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். ‘எதை வேண்டுமானாலும் வரை’ என்றால் உங்களுக்கு மூச்சு முட்டி, ‘இந்த அளவில், இந்த இரண்டு நிறத்தில், இவர்கள் படிக்கும்படி’ என்றால் உற்சாகம் வருகிறதா? அப்படியானால் தாராளமாகப் போங்கள், அது தோல்வியில்லை. முகங்களை வரையாமல் இரண்டு மாதம் இருந்தால் கை பரபரக்கிறதா? அப்படியானால் இருங்கள்.

கடிதத்தை வைத்து என்னைச் சொல்லச் சொன்னால், ஒரு மோசமான கிரிட்டிக்குக்காக மேஜரை மாற்றாதீர்கள் என்பேன். கெடு முடிவதற்குள் இன்னும் ஒரு கிரிட்டிக் வரும் என்று வைத்துக்கொள்கிறேன். மேலே சொன்ன மூன்று படங்களோடு அதற்குப் போய்விட்டு முடிவெடுங்கள். அடுத்த செமஸ்டருக்கு அச்செழுத்துக் கலை தாள் ஒன்றை விருப்பப் பாடமாக எடுத்தால் டிசைனின் ருசியும் தெரிந்துவிடும். உங்கள் பட்டம் பி.ஏ.வா, பி.எஃப்.ஏ.வா (நுண்கலை இளங்கலை) என்றும் பாருங்கள். இரண்டும் உள்ள இடங்களில் பொதுவாக பி.எஃப்.ஏ.யில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் கலைத் தாள்கள் இருக்கும். பி.ஏ.யில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே, மற்றவை பிற துறைகள். கைத்திறனுக்கு அதிக நேரம் வேண்டும் என்பதுதான் உங்கள் பசி என்றால், டிசைனுக்கு மாறுவதைவிட பி.ஏ.யிலிருந்து பி.எஃப்.ஏ.வுக்கு மாறுவது உங்களுக்குப் பொருந்தலாம். அதற்குப் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் போர்ட்ஃபோலியோ (உங்கள் படங்களின் தொகுப்பு) பரிசீலனை வைப்பார்கள். தேதியை இந்த வாரமே விசாரியுங்கள்.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். நேரில் வரைந்த நாற்பது நிமிடப் படங்களை வரிசையாகச் சேர்த்துவைத்து ஆண்டு முடிவில் காட்டுங்கள்.

பின்குறிப்பில் கேட்டதற்கு: பழகாது, பழகவும் கூடாது. தலைவலி, எண்ணெய் வண்ணத்தை இளக்கப் பயன்படுத்தும் டர்பன்டைன் போன்ற கரைப்பானின் ஆவி அறையில் நிறைந்திருக்கிறது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். ‘மணமில்லாதது’ என்று விற்கும் கரைப்பானிலும் ஆவி உண்டு, மூக்குக்குத் தெரியாது, அவ்வளவுதான். தூங்கும் அறையில் எண்ணெய் வண்ணத்தை இன்றோடு நிறுத்திவிட்டு, காற்றோட்டமுள்ள துறை ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போங்கள். அறையில் பென்சிலும் கரிக்கோலும் போதும். கரிக்கோல் படத்துக்குக் கரி உதிராமலிருக்க ஃபிக்சட்டிவ் அடிப்பதைக்கூட வெளியே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உலரும்போது சூடு உண்டாகிறது. கசங்கிய துணிக் குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், நெருப்பே காட்டாமல் தீப்பிடிக்கும். ஸ்டுடியோவில் இதற்கென்று மூடியுள்ள உலோகத் தொட்டி இருக்கும், அதில் போடுங்கள். உங்கள் அறையில் இப்போது அப்படித் துணிகள் கிடந்தால், தண்ணீரில் நனைத்து, இந்தப் பக்கத்தை மூடியதும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வாருங்கள்.